தராசக்காவும் நிறுக்காத பனங்கட்டியும்

நெடுந்தீவில் நியாயம் பேசுகிறவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. சந்திக்குச் சந்தி நின்று பேசுவார்கள். ஆனால் நியாயத்தைத் தட்டில் வைத்து, படிக்கல் போட்டு, கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுத்தவர் அந்தத் தீவில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தராசக்கா.

தராசக்கா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சங்கத்தின் பெரிய கந்தோர்க் கடிதங்களில்தான் பாவித்தார்கள், அதுவும் பிழையாக. கடவுளையே நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார். ஒருமுறை பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்துவிட்டு, காரியம் பாதிதான் நடந்தது என்று ஒன்றரைத் தேங்காயோடு கோயிலுக்குப் போனவர். ஐயர் ஒன்றரையையும் வாங்கிச் சாமிக்கு வைத்தார். அவருக்கும் சங்கக்கடையில்தான் அரிசி வாங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் நான் அந்தக் கடைக்குக் கிளாக்கராகப் போனேன். வேலணையிலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம் குலுங்கி, வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். "வாரும்" என்று சொல்வதற்கு முன்னமே என்னை மூட்டைத் தராசில் ஏற்றினார்.

"நாப்பத்தொரு கிலோ. பச்சையரிசி மூட்டையே உம்மிலும் பாரம். பிள்ளை, நீர் சாப்பிடுறனீரோ, இல்லை மணம் மட்டும் பிடிச்சுப் பாக்கிறனீரோ?"

அவருடைய வீட்டிலேயே எனக்கு ஓர் அறை தந்தார். அவர் கலியாணம் கட்டாதவர். ஐம்பத்திரண்டு வயது. இந்த விவரத்தையும் அவரே சொன்னார், விலைப்பட்டியல் வாசிப்பது போல.

இரண்டாம் நாள் இன்னொரு விவரம் சொன்னார். போன வருடம் அவருக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, யாழ்ப்பாணத்தில் வெட்டி எடுத்திருந்தார்கள். ஊரில் ஒருவரும் அதைப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்தி, வேலிக்குக் கூடக் கேட்காமல் சொல்வார்கள். நானும் அப்படியே, "அந்த வருத்தம் இப்ப எப்பிடியக்கா?" என்று கேட்டேன்.

"கான்சரெண்டு சொல்லும் பிள்ளை. வாய் வெந்துபோகாது."

வெட்டியதிலும் அவருக்கு ஒரே ஒரு முறைப்பாடுதான் இருந்தது. நோவைப் பற்றி இல்லை, அழகைப் பற்றியும் இல்லை.

"ஒரு பக்கம் சரியுது பிள்ளை. தராசிலை ஒரு தட்டைக் கழட்டிப்போட்டு மற்றத் தட்டை விட்டா அது எப்பிடி நேரா நிக்கும்? உந்த டொக்டர்மாருக்கு இது விளங்கேல்லை."

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடை சாத்தியிருந்த நேரம், பின்கதவுக்கும் கொண்டி போட்டுவிட்டு, மேசைத் தராசின் ஒரு தட்டின் மேல் தராசக்கா மிச்சமிருந்த பக்கத்தை வைத்துப் பக்குவமாகச் சாய்ந்தார். மற்றத் தட்டில் நான் படிக்கல் வைத்தேன். சங்கத்தில் சம்பளம் வாங்கி இப்படி ஒரு வேலை செய்தவள் இந்தத் தேசத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"இருநூறு."

"காணாது. இன்னும் வையும்."

"முன்னூறு. அக்கா, மூச்சு விடாதேயுங்கோ, முள்ளு ஆடுது."

"மூச்சு விடாட்டி ஆள் செத்துப்போவன். கெதியாப் பாரும்."

முன்னூற்று எழுபது கிராமில் முள் நடுவில் நின்றது. முன்னூற்று எழுபது கிராம் பயறு நிறுத்து, துணிப் பையில் இட்டுத் தைத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்குள் இரண்டு தரம் நடந்து பார்த்து, "இப்ப சரி" என்றார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நான் பிறகு கலியாண வீடுகளில்கூடக் கண்டதில்லை.

அடுத்த கிழமை மழை கொட்டிக் கடல் குழப்பமாக இருந்த நாளில் படகில் போய் வந்தவர் தலையிலிருந்து கால்வரை நனைந்தார். மற்றதெல்லாம் காயப்போட்டார், பயற்றம் பையை மறந்துவிட்டார். மூன்றாம் நாள் கடையில் நிற்கையில், "பிள்ளை, உள்ளுக்கை என்னவோ குத்துது" என்றார். பார்த்தால் பயறு முளைத்துத் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவர் ஒன்றையும் வீணாக்குகிற ஆளில்லை. அன்று மத்தியானம் சோற்றோடு பயற்றங்கறி இருந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம். அதற்குப் பிறகு புளியங்கொட்டைக்கு மாறினார்.

இனி குளிசைக் கதைக்கு வருகிறேன். வெட்டிய பிறகு அவருக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை கொடுத்திருந்தார்கள். நாளுக்கு ஒன்று, வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். "பொம்பிளையளின்ரை உடம்பிலை ஊறுற ஹோமோன்தான் உந்தக் கட்டிக்கு எரு. இந்தக் குளிசை அந்த எருவை மறிக்கும். ஒரு நாளும் விடப்படாது" என்று யாழ்ப்பாணக் கிளினிக்கின் பெரிய டொக்டர் சொல்லியிருந்தார். கடைசியில், "சில பேருக்கு இதாலை இரத்தத்திலை சீனி கொஞ்சம் ஏறப் பாக்கும், இடைக்கிடை சோதியுங்கோ" என்றும் சொல்லியிருந்தார். டொக்டர் அரை மணித்தியாலம் கதைத்ததில் தராசக்கா முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டது அந்தக் கடைசி வசனத்தை மட்டும்தான்.

ஏறத்தான் செய்தது. தீவு ஆசுப்பத்திரியில் டொக்டருக்குப் பதிலாக இருந்த அப்போதிக்கரி ஐயா சோதித்துப் பார்த்துவிட்டு, "மனேச்சரம்மா, உங்களுக்குச் சீனி வருத்தம்" என்றார். ஊருக்கே சீனி நிறுத்துக் கொடுக்கிற மனுசிக்குச் சீனி வருத்தம்! தீவு இரண்டு நாள் வேறு கதை கதைக்கவில்லை. ஐயா சீனிக்கும் ஒரு குளிசை கொடுத்து, "சாப்பாட்டை அளந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டார். யாருக்குச் சொல்கிறோம் என்று மனுசன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குசினியில் தராசு ஏறியது. பிட்டு எழுபத்தைந்து கிராம். சம்பல் பத்து. சோறு நூறு, அதில் ஒரு பருக்கை கூடினால் எடுத்துக் காகத்துக்கு வைப்பார். மீன் முள் நீக்கித் தனி நிறை, முள்ளோடு தனி நிறை. அவர் நிறுத்து முடிப்பதற்குள் எனக்குப் பசி வந்து, பசி போய், திரும்பவும் பசி வந்துவிடும். கைப்பையிலும் பொன் நிறுக்கிற மாதிரிச் சின்னக் கைத்தராசு ஒன்று குடிவந்தது.

சோதனைக்கு ஐயா ஒரு கண்ணாடிக் குழாயும், ஒரு போத்தல் நீலத் தண்ணியும், ஒரு சின்னச் சாராய விளக்கும் கொடுத்திருந்தார். அந்த நாளில் விரலில் குத்திப் பார்க்கிற மெசின் எங்கள் பக்கம் கிடையாது. நீலத் தண்ணியில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூட. செம்மஞ்சள், அதையும் தாண்டிச் செங்கல் நிறம் வந்தால் கடவுள்தான் காவல். இந்தச் சோதனையைத் தராசக்கா கடையின் பின்பக்கத்தில், மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் விளக்கைக் கொளுத்தி வைத்துச் செய்வார். கடை எரியாமல் தப்பியது பிள்ளையாரின் பெருந்தன்மை, ஒன்றரைத் தேங்காயை அவர் மனதில் வைக்கவில்லை.

ஊருக்கும் அது வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிட்டது. சாமான் வாங்க வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்த்து, "இண்டைக்கு என்ன நிறம்?" என்பார்கள். பச்சை என்றால் உள்ளே வருவார்கள். செம்மஞ்சள் என்றால், "நாளைக்கு வாறன் பிள்ளை" என்று அப்படியே திரும்பிவிடுவார்கள். அதற்குக் காரணம் இருந்தது. தனக்குச் சீனி ஆகாது என்று ஆனபிறகு, மற்றவர்களுக்கும் அது ஏன் என்ற யோசனை அவருக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்து இரண்டு கிலோ சீனி கேட்டார்.

"வீட்டிலை எத்தினை பேர்?"

"அஞ்சு பேர், அக்கா."

"ஒரு கிலோ காணும்."

"எனக்குச் சீனி வருத்தம் இல்லையே அக்கா!"

"இல்லையெண்டு ஆர் சொன்னது? வாரும் உள்ளுக்கை, விளக்கு எரிஞ்சுகொண்டுதான் இருக்கு. எட்டுச் சொட்டுத் தந்தாக் காணும்."

வாத்தியார் ஒரு கிலோவோடு போனார். வாசற்படலை தாண்டும்வரை ஓடாமல் நடந்தார், அதற்குப் பிறகு நடந்தாரோ ஓடினாரோ தெரியாது.

இவ்வளவு நிறுத்தும் நிறம் இறங்கவில்லை. பச்சை மஞ்சளானது, மஞ்சள் செம்மஞ்சளானது. தராசக்கா பிட்டை அறுபதுக்குக் குறைத்தார், பிறகு ஐம்பதுக்குக் குறைத்தார். முகம் வாடிப்போனது. மனுசி தேத்தண்ணியிலும் சீனியை அடியோடு விட்டிருந்தார். நெடுந்தீவுத் தண்ணி இலேசான உவர். அந்தத் தண்ணியில் தேயிலைச் சாயத்தைப் போட்டு, சீனியும் இல்லாமல் எப்படிக் குடிப்பது? அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் சனிக்கிழமைகளில் வேலணைக்குப் போகும்போதெல்லாம், வீட்டில் அம்மா வாங்கி வைத்திருக்கும் பனங்கட்டியில் பத்துப் பன்னிரண்டு குட்டான் கொண்டுவந்து கொடுப்பேன். பனையோலையில் இழைத்த உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் கெட்டியாக ஊற்றி வைத்த பனங்கட்டி. உடைத்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியைக் குடித்தால் உவரும் தெரியாது, கவலையும் தெரியாது. இருவருமாக எதிரெதிர்க் கதிரையில் இருந்து, நாளுக்கு ஏழு தரம் கடித்தோம்.

"உம்மட புண்ணியத்திலைதான் பிள்ளை நான் சீனியில்லாமச் சீவிக்கிறன்" என்பார். எனக்குப் பெருமை பிடிபடாது.

ஒரு திங்கட்கிழமை காலமை படகால் வந்து வீட்டுக்குள் நுழைந்தேன். தராசக்கா சவர அலகு ஒன்றால் மேசையில் எதையோ நுணுக்கமாக வெட்டிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த வெள்ளைக் குளிசை.

"என்ன அக்கா செய்யிறியள்?"

"கால் ஆக்கிறன். போன மாசம் அரை. இந்த மாசம் கால்."

"முழுசெல்லோ டொக்டர் சொன்னவர்!"

"டொக்டர்தானே சொன்னவர் உதாலை சீனி ஏறுமெண்டு? நான் சாப்பாட்டைக் குறைச்சுப் பாத்தன், இறங்கேல்லை. மிச்சம் என்ன கிடக்கு? குளிசைதான். ஒரு தட்டு ஏறினா மற்றத் தட்டிலை இருக்கிறதை எடுக்கவேணும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விசயம்."

நான் அலகைப் பறிக்கப் போனேன். "அக்கா, விசர்க்கதை கதையாதேயுங்கோ! அது கான்சர் திரும்பி வராம இருக்கத் தந்தது!"

"ஓம், இப்ப மட்டும் கான்சரெண்டு வடிவாச் சொல்லுறீர்" என்றார், அலகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று நாள் நாங்கள் கதைக்கவில்லை. நாலாம் நாள் நான், "நீங்கள் கிளினிக்குக்கு வராட்டி நான் வேலையை விட்டிட்டுப் போறன். ஆள் மாறி வந்து உங்களுக்குப் படிக்கல் எடுத்து வைக்கட்டும்" என்றேன். அது வேலை செய்தது. வருகிற ஆள் ஆணாக இருந்தால் அடுத்த முறை புளியங்கொட்டை நிறுக்க முடியாது என்று யோசித்திருப்பார்.

போகும்போது டொக்டருக்கு நேரிலேயே நிறம் காட்டப்போகிறேன் என்று நீலத் தண்ணிப் போத்தலையும் கண்ணாடிக் குழாயையும் சாராய விளக்கையும் கைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த நாளில் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆமிக்காரர் காவல் நின்று பைகளைச் சோதிப்பார்கள். நீலத் தண்ணி, கண்ணாடிக் குழாய், சாராய விளக்கு, கூடவே ஒரு தராசு. குண்டு செய்கிறவனும் இவ்வளவு பகிரங்கமாகக் கொண்டு போக மாட்டான். இளஞ்சிப்பாய் ஒருவன் போத்தலை ஒரு கையாலும் துவக்கை மறு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் அதட்டினான். நான் தராசக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் ஓரடி முன்னால் போனார். அவனுக்கு விளங்கக்கூடிய ஒரே சொல், இரண்டு பாசையிலும் ஒன்றாக இருக்கிற சொல், அவருடைய கடைச் சொல்தான்.

"சீனி!" என்றார். போத்தலைக் காட்டினார், தன்னைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார், பிறகு நான் இங்கே எழுத முடியாத ஒரு அபிநயமும் காட்டினார். "சீனி, சீனி!"

அவன் முகம் மாறியது. "அம்மா… சீனி?" என்று கேட்டுவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, தூரத்தைக் காட்டினான். ஊரில் அவனுடைய அம்மாவுக்கும் இதே வருத்தம். அம்மா எவ்வளவு பருமன் என்று இரண்டு கையையும் விரித்தான், துவக்குத் தோளில் தொங்கியது. அவ்வளவுதான், தராசக்கா கைத்தராசை வெளியே எடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த சிங்களம் நாலு சொல். சோறு கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்பதற்கு "பத் டிக்கக், பத் டிக்கக்" என்று தட்டில் ஒரு பிடி மண்ணை வைத்து நிறுத்துக் காட்டினார். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். யாழ்ப்பாண பஸ் ஹோன் அடித்து அடித்துக் களைத்துவிட்டது. அவன் எங்களைப் போக விட்டபோது தலை குனிந்து கும்பிட்டான்.

இப்படித்தான் வெற்றியோடு கிளினிக்குக்குள் போனோம். பெரிய டொக்டர் வயதானவர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறியள்?" என்று கேட்டார். தராசக்கா நிமிர்ந்து இருந்து தொடங்கினார்.

"காலமை பிட்டு அம்பது கிராம். சம்பல் பத்து. மத்தியானம் சோறு எண்பது, மீன் அறுபது, முள்ளு நீக்கி. கீரை நூறு. பின்னேரம் ஒண்டுமில்லை. இரவைக்கு இடியப்பம் ரெண்டு, நாப்பத்தெட்டுக் கிராம்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தார். "முப்பது வருசத்திலை இப்பிடி ஒரு ஆளை நான் காணேல்லை. தேத்தண்ணி?"

"ஏழு. சீனி தொடுறேல்லை."

"வேறை ஒண்டும்?"

"ஒண்டுமே இல்லை."

மனுசி பாதியைச் சொல்லாமல் விடுகிறாரே, தியாகத்தை முழுதாகச் சொன்னால்தானே டொக்டருக்கு விளங்கும் என்று நான் குறுக்கே விழுந்தேன். "ஓம் டொக்டர், சீனியை அறவே விட்டிட்டா. பனங்கட்டி மட்டும்தான் கடிக்கிறவ. நான்தான் ஒவ்வொரு கிழமையும் வேலணையிலை இருந்து கொண்டுவந்து குடுக்கிறனான்."

டொக்டர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"பனங்கட்டியோ?" என்றார் டொக்டர். "அதை நிறுக்கிறேல்லையோ?"

தராசக்காவுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "பனங்கட்டியை ஏன் டொக்டர் நிறுப்பான்? அது மரத்தாலை வாறதெல்லோ."

டொக்டர் கை நீட்டினார். "தராசு இருக்கோ?"

இருந்தது. வழியில் கடிக்க என்று எடுத்துவந்த குட்டானும் இருந்தது. ஒரு தேத்தண்ணிக்கு எவ்வளவு கடிப்பீர்களோ அதை வையுங்கோ என்றார். தராசக்கா உடைத்து வைத்தார். மற்றத் தட்டில் படிக்கல்லையும் அவரேதான் வைத்தார். பன்னிரண்டு கிராம். வாயால் சொல்லாமல் மனதுக்குள் ஏழால் பெருக்கினார். எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும், எண்பத்து நாலு. அத்தனை மாதமாகக் காகத்துக்கு எடுத்து வைத்த பருக்கைகள் எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். படிக்கல்லை எடுத்துவிட்டு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். அதே பன்னிரண்டுதான்.

"சீனியும் அதுதான், பனங்கட்டியும் அதுதான் அம்மா. உடம்புக்கு மரம் தெரியாது. அப்ப அந்தக் குளிசையை ஒழுங்காப் போடுறியள்தானே?"

தராசக்கா கைப்பைக்குள்ளிருந்து கடதாசிச் சுருளை எடுத்து விரித்தார். கால் கால் துண்டுகள். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா, சீனி குளிசையாலை கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஏறட்டும். அதைப் பிடிச்சு இறக்க எனக்கு ஆயிரம் வழி இருக்கு. மற்றது திரும்பி வந்தா இறக்க என்னட்டை வழி இல்லை."

பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சோதித்தார். இடது கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லிப் பார்க்க, கமக்கட்டுக்குள் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது. கையில் ஏதும் சின்னக் காயம் பட்டால் கட்டுகிற வெறும் நெறியாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். ஆறு கிழமைக்கு, அதாவது நாற்பத்திரண்டு நாளுக்கு, ஒரு மருந்தும், முழுக் குளிசையும், நாளுக்கு இரண்டு மைல் நடையும் சொன்னார். ஆறு கிழமையில் அது கரையாவிட்டால் திரும்பவும் வெட்ட வேண்டும். வெளியே வரும்போது என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "நீர்தானோ சப்ளை?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது.

திரும்பிப் படகில் ஏறினோம். கடல் அன்றைக்கென்று அமைதியாக இருந்தது. தீவு தெரியத் தொடங்கியபோது நான் அழுதேன். "என்னாலைதான் அக்கா."

"விசரி. நிறுக்காம வாயிலை போட்டது நான். நீர் ஏன் அழுறீர்?" என்றார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், "பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். அந்த மனுசியின் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்குமட்டும் விடவில்லை.

அந்த ஆறு கிழமையும் தராசக்கா பின்னேரங்களில் கல்வேலிகளுக்கு நடுவால் நடந்தார். தீவில் சொந்தக்காரன் இல்லாமல் மேய்கிற குதிரைகள் முதல் கிழமை அவரைக் கண்டு விலகி ஓடின, இரண்டாம் கிழமை தலை நிமிர்த்திப் பார்த்தன, மூன்றாம் கிழமை அவர்தான் விலகிப் போகவேண்டியிருந்தது. காலமையில் முழுக் குளிசையை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். நிறம் செம்மஞ்சளிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும் இறங்கியது. ஊருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, வாத்தியார் துணிந்து வந்து ஒன்றரைக் கிலோ கேட்டுவிட்டுப் போனார். ஆனால் கமக்கட்டுக்குள் இருந்ததற்கு நீலத் தண்ணி பதில் சொல்லாது. காலமை எழும்பியதும் அந்த இடத்தை அவர் விரலால் தொட்டுப் பார்ப்பதை நான் காணாதது போல இருந்துகொள்வேன்.

நான் பனங்கட்டி கொண்டுவருவதை விட்டேன், கடிப்பதையும் விட்டேன். ஏன் கடிக்கவில்லை என்று தராசக்கா கேட்டபோது, பல்லுக்கொதி, கடித்தால் நோகுது என்று சொன்னேன். உவர்த் தேத்தண்ணியை வெறுமையாகக் குடிப்பது சும்மா விசயமில்லை. என் முகம் போன போக்கை நானே கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ஆறு கிழமை முடிந்து கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் திரைக்குப் பின்னால் நீண்ட நேரம் தேடினார். நான் வெளியே இருந்து பிள்ளையாருக்கு மூன்று தேங்காய், முழுசு முழுசாக, நேர்ந்துகொண்டேன். டொக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "ஒண்டுமில்லை. கரைஞ்சுபோச்சு. வெறும் நெறிதான்" என்றார். தராசக்கா சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, "வடிவாப் பாத்தனீங்களோ டொக்டர்? ரெண்டு தரம் பாத்தாத்தான் நிறுவை சரி" என்றார். அந்தப் பொறுமைசாலி இரண்டாம் தரமும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி ஊற்றினார், எனக்கொன்று, தனக்கொன்று. பிறகு அலுமாரியைத் திறந்து, உடுப்புக்கு அடியிலிருந்து, நான் முந்திக் கொண்டுவந்ததில் மிஞ்சிய ஒரு குட்டானை எடுத்தார். அவ்வளவு நாளும் அதைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருந்திருக்கிறார். ஒரு துண்டை உடைத்துத் தராசில் வைத்தார்.

"ஆறு கிழமை பல்லுக்கொதி எண்டனீர். எந்தப் பல்லு? வாயைத் திறவும் பாப்பம்."

நான் திறக்கவில்லை.

"பன்னிரண்டு கிராம். முழுக்க உமக்கு. கடியும்."

"நீங்களக்கா?"

"நீர் கடியும் பிள்ளை. நான் பாத்துக்கொண்டு குடிக்கிறன்."

நான் கடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே குடித்தார். பிள்ளையாருக்கு நான் நேர்ந்த மூன்று தேங்காயையும் அடுத்த நாள் தன் கையாலேயே உடைத்தார், அரை கூடக் குறைக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் குளிசையை, டொக்டர் சொன்ன வருடக் கணக்குக்கு, ஒரு நாள் பிசகாமல் விழுங்கி முடித்தார். பிறகு சண்டை முற்றி நாங்கள் எல்லோரும் திசைக்கொருவராகச் சிதறினோம். அவர் எண்பத்தொரு வயதுவரை இருந்தார். போனது சீனியாலும் இல்லை, கான்சராலும் இல்லை, வயதால். நான் இப்போது இருக்கும் ஊரில் தமிழ்க் கடையில் குட்டான் பனங்கட்டி விற்கிறார்கள், மேலே நூறு கிராம் என்று அச்சடித்து. போன கிழமை ஒன்றை வாங்கிவந்து குசினித் தராசில் வைத்துப் பார்த்தேன். எட்டுக் கிராம் குறைவு. யாருக்கு அதைச் சொல்வது என்று தெரியாமல், எதிரில் இருந்த வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியை வெறுமையாகவே குடித்தேன்.